பழைய ஹோண்டாவை ஓட வைப்பதும், ஓடாததைச் சுவரில் மாட்டுவதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு மாறும்போதும், நிலம் வீடமைப்புக்குப் போகும்போதும் லயத்து வீடுகள் காலியாகின்றன. கட்டில், அலமாரி, சாமிப் படங்கள் எல்லாம் லாரியில் ஏறிவிடும். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் ஹோண்டா மோட்டார் சைக்கிளும், கூரைக் கட்டையில் தொங்கும் சைக்கிளும் கடைசியில் மிஞ்சும். புதிதாகக் குடிபோகும் தாமான் வீட்டில் இடமில்லை என்பார்கள். மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போய்விடுவார்.

அப்படி எடைக்குப் போக இருந்த ஒன்றைத்தான் நான் இன்றும் ஓட்டுகிறேன். என் பெரியப்பாவின் ஹோண்டா சி70. விடியுமுன் அவர் அதில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்காட்டுக்குப் போனதையும், பால் டின்களை இருபுறமும் தொங்கவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியதையும் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது நம் ஊர் இளைஞர்கள் பலருக்குப் பழைய வண்டிகள் மேல் ஆசை வந்திருக்கிறது. பழைய விளக்கு, சைக்கிள் சக்கரம், பஸ் டிக்கெட் துளையிடும் கருவி என்று வீட்டை அலங்கரிக்கவும் விரும்புகிறார்கள். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரே ஒரு வேண்டுகோள். ஓடக்கூடிய வண்டியைப் பிரித்து அலங்காரப் பொருளாக்காதீர்கள். முகப்பு விளக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக நல்ல வண்டியின் கழுத்தை அறுத்துச் சுவரில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கு எங்கேயும் கிடைக்கும். ஒரே குடும்பத்தில் நாற்பது ஆண்டு ஓடிய வண்டி கிடைக்காது. இனி ஓடவே வழியில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு வண்டி சுவருக்கு வர வேண்டும்.

பழையதா, பழைய சாயலில் புதியதா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு ஆசைகள். கையில் கறுப்பு எண்ணெய் படுவது பிடிக்காதவர்களுக்குப் பழைய சாயலில் புதிதாகச் செய்த வண்டிகளே ஏற்றவை. 1991-இல் நிசான் வெளியிட்ட ஃபிகாரோ கார் அப்படிப்பட்டதுதான். மொத்தமே சுமார் 20,000 வண்டிகள்தான் செய்தார்கள். 2001-இல் பி.எம்.டபிள்யூ புதிய மினியையும், 2007-இல் ஃபியட் புதிய 500-ஐயும் கொண்டுவந்தன. ஹோண்டாவும் 2018-இல் சூப்பர் கப் சி125 மோட்டார் சைக்கிளை விற்பனைக்கு விட்டது. வட்ட விளக்கும் வளைந்த உடலும் தாத்தா காலத்தவை, சாவியும் இன்ஜினும் இந்தக் காலத்தவை. வாங்கி, காப்புறுதி எடுத்து, அன்றே வேலைக்கு ஓட்டிப் போகலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பழையதையே எடுப்பது என்றால், தொடக்கக்காரருக்கு நான் சொல்வது ஹோண்டா கப் ஒன்றுதான். நாம் கப்சாய் என்று சொல்கிறோமே, அதன் மூத்த தலைமுறை. பெரியப்பாவின் சி70-உம் இந்தக் குடும்பம்தான். மோரிஸ் மைனர் கார் அழகுதான். ஆனால் அதை வைக்கக் கூரையும், துரு வெட்டி ஒட்ட வெல்டிங் கைத்திறமும் வேண்டும். வெஸ்பாவின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கப்புக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது.

முதல் சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் வந்தது. சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்ட முடிய வேண்டும் என்பது அதன் வடிவமைப்பில் இருந்த எண்ணம். அதனால்தான் இடது கையில் கிளட்ச் இல்லை. இந்த நாட்டுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. ஜப்பானில் உணவு சுமக்கச் செய்த வண்டி இங்கே வந்து ரப்பர்ப் பால் சுமந்தது. 2017-இல் உலகம் முழுவதும் செய்த கப்புகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது. இத்தனை வண்டிகள் ஓடியதால்தான் உதிரிப் பாகங்கள் இன்னும் சின்ன ஊர் மோட்டார் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. தொடக்கக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

முதலில் கெரான், பிறகுதான் வண்டி

வண்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கெரானை, அதாவது வண்டியின் உரிமைச் சான்றிதழைக் கேளுங்கள். நான் வாங்கிய முதல் பழைய வண்டிக்குக் கெரான் இல்லை. "வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன்" என்று விற்றவர் சொன்னார். நம்பிக் காசு கொடுத்தேன். கெரான் வரவே இல்லை. ஆறு மாதம் உழைத்து ஓட வைத்த அந்த வண்டியை என்னால் ஒரு நாள்கூடச் சாலையில் ஓட்ட முடியவில்லை. அது இன்று என் வீட்டு வராந்தாவில் நிற்கிறது.

கெரானில் உள்ள இன்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போக வேண்டும். கப்பின் இன்ஜின் எண் இடப்பக்கம் கீழே இருக்கும். அங்கே சேறும் எண்ணெயும் கல்லாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் பழைய பல் துலக்கியும் கொண்டுபோய், துடைத்துவிட்டு, ஒவ்வோர் எண்ணாகப் படியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா? அவற்றைச் சுற்றி அரம் போட்ட தடம் தெரிகிறதா? தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒரு வண்டியின் எண்ணை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது குற்றம்.

தோட்டத்து வண்டிகளில் அடிக்கடி வரும் சிக்கல் வேறு. கெரான் இருக்கும், பெயர் தாத்தாவுடையதாக இருக்கும், தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது வாரிசுகள் இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் அமானா ராயா போன்ற இடத்தில் சொத்து மாற்றக் கடிதம் வாங்கிய பிறகே பெயர் மாற்ற முடியும். பேரன் ஒருவன் கையெழுத்துப் போட்டால் போதாது. சாலை வரி பல ஆண்டுகளாக எடுக்காத வண்டி என்றால், காசு கொடுப்பதற்கு முன் பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. முகப்புக்குப் போய், அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர என்னென்ன பரிசோதனை, என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காலை நேரம் செலவாகும், அவ்வளவுதான். நிறத்தை மாற்றினாலும் இன்ஜினை மாற்றினாலும் ஜே.பி.ஜே.யில் பதிய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 150 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளிதான் (ரிங்கிட்). ஆகவே வரிக்குப் பயந்து யாரும் தாளை விட்டுவிட வேண்டியதில்லை.

தாள் இல்லாத வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. உரிமையாளர் இன்னார் என்று உறுதியாகத் தெரிந்து, அவரே கொடுத்தால், காட்சிக்கு வைக்கவும் பாகங்களுக்காகவும் வாங்கலாம். ஆனால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

உயிர் இருக்கிறதா என்று பார்த்தல்

துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், துரு எங்கே என்று பாருங்கள். மட்கார்டில், சைலன்சரில் இருந்தால் பரவாயில்லை. கப்பின் சட்டகம் தகட்டை அழுத்திச் செய்தது. இருக்கைக்கு அடியிலும், பின் ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்திலும் விரலால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் வெல்டிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும்.

அடுத்தது கிக். காலால் மெதுவாக அழுத்தும்போது ஓரிடத்தில் எதிர்ப்புத் தெரிந்து, தாண்டி இறங்கினால் நல்லது. எதிர்ப்பே இல்லாமல் தொபுக்கென்று இறங்கினால் உள்ளே தேய்மானம். அசையவே இல்லையென்றால் இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்காக ஏறி மிதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு, இரண்டு இரவு ஊற விடுங்கள். பிறகு மூன்றாம் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். பெரியப்பாவின் வண்டி மூன்றாம் நாள் அசைந்தது. அந்தச் சின்ன அசைவு கைக்கு எட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பழைய எண்ணெயைக் கீழ்த் திருகு வழியாக இறக்கி, அதன் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் வயது. தே தாரே எனும் பால் தேநீர் நிறத்தில் நுரைத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அப்போது புது எண்ணெய் ஊற்றிச் சற்று ஓடவிட்டு மறுபடி இறக்க வேண்டும். சி70 குடிப்பது முக்கால் லிட்டர் அளவுதான்.

திருப்புளி வாங்கும்போது கவனம்

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். ஜப்பானிய வண்டிகளில் கூட்டல் குறி போன்ற வாயுள்ள திருகுகள் இருக்கும். பார்வைக்கு வழக்கமான நட்சத்திரத் திருகு போலவே இருந்தாலும் அது ஜப்பானியத் தர அளவு, ஜே.ஐ.எஸ். பல திருகுகளின் தலையில் ஒரு சின்னப் புள்ளி பொறித்திருக்கும். சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளியைப் போட்டால் அது அடிவரை உட்காராது. முறுக்கும்போது மேலே ஏறி, திருகின் வாயைத் தின்றுவிடும். அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜே.ஐ.எஸ். முனை ஒன்று வாங்குங்கள். சுத்தியால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் திருப்புளியும் ஒன்று வாங்குங்கள். வேறு எந்தக் கருவியிலும் சிக்கனம் பிடிக்கலாம், இந்த இரண்டில் வேண்டாம். நாற்பது ஆண்டு மழையில் இறுகிய திருகுக்கு முதல் நாளே துரு நெகிழ்த்தும் எண்ணெய் தெளித்து வைத்து, மறுநாள் திருப்புளியை வைத்து ஒரே அடி அடித்தால் "டக்" என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு விரலாலேயே கழற்றலாம்.

ஓட வைத்தல்

இன்ஜினுக்கு வேண்டியவை மூன்று: தீப்பொறி, பெட்ரோல், அழுத்தம். அழுத்தத்தைக் கிக்கிலேயே பார்த்துவிட்டோம். மற்ற இரண்டையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பிளக்கைக் கழற்றி, மூடியில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை இன்ஜின் மேல் வைத்துக் கிக் கொடுங்கள். பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. நீலப் பொறி வந்தால் நல்லது. கிக் மட்டும் உள்ள பழைய சி70-இல் இந்த மின்சாரம் இடப்பக்கம் சுழலும் காந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது. எனவே பேட்டரி செத்திருந்தாலும் பொறி வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் பாயிண்ட் முனைகளில், அதாவது பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் இரு உலோக முனைகளில், பாசி படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, வெள்ளை அட்டையைச் செருகித் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7. வால்வு இடைவெளி, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர். இவற்றை அளக்கும் தகட்டுக் கட்டு ஒன்று மோட்டார் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

தொட்டியில் நின்ற பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும். முகர்ந்தாலே தெரியும். அதை வடித்து, கார்புரேட்டரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, நடுவில் உள்ள ஜெட்டை, பெட்ரோல் புகும் அந்தச் சிறு துளைத் திருகை, வெளியே எடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அதன் துளை ஊசி முனையளவு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் மின்கம்பியில் உள்ள மெல்லிய செம்பு இழை ஒன்றால் குத்துங்கள். எஃகு ஊசி வேண்டாம். ஜெட் பித்தளை, எஃகு பட்டால் துளை பெரிதாகிவிடும்.

பிரேக் கட்டைகளைப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய கட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். டயரில் எவ்வளவு பூ (தரையைப் பிடிக்கும் பள்ளங்கள்) இருந்தாலும் பக்கச் சுவரில் பொறித்த நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1219 என்றால் 2019-இன் 12-ஆம் வாரம் செய்தது. வெடிப்பு விட்ட பழைய டயரில் நம் ஊர் மழையில் ஓட்டக் கூடாது.

துடைப்பதா, புதிதாக்குவதா

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புதுச் சாயம் அடிக்காதீர்கள். முதல் ஆண்டிலாவது வேண்டாம்.

பெரியப்பாவின் வண்டியில் பின் கேரியரின் இரு பக்கக் கம்பிகளிலும் ஒவ்வொரு பள்ளம் இருக்கிறது. விரல் நுனி அளவு. பால் டின்னின் கம்பிக் காது நாள்தோறும் உரசி உரசி விழுந்த பள்ளம் அது. மட்கார்டின் அடியில் கை விட்டால், வழியில் சிந்திய பால் காய்ந்து பழுப்பேறித் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன். நீளமாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது. அந்த ஒட்டுப்பால் வாடை எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மூக்குக்கு எட்டியது! சாயக் கடைக்கு அனுப்பியிருந்தால் பள்ளத்தை அடைத்து, வழவழப்பாக்கித் தந்திருப்பார்கள். கடையில் வாங்கிய வண்டிக்கும் அதற்கும் அப்புறம் என்ன வேறுபாடு?

காய்ந்த பாலைக் கையாலேயே உரியுங்கள். பெட்ரோல் போட்டால் ரப்பர் உப்பிக் குழகுழவென்று பரவிவிடும். சாயத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பாலும், பிறகு மங்கல் போக்கும் பசையாலும் துடைத்தால் போதும். குரோம் பூச்சில் செம்புள்ளிகள் இருந்தால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் சிலர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டைத் துருவுக்குப் பயன்படுத்தச் சொல்வார்கள். வேண்டாம். தோலைச் சுட்டுவிடும், இடுக்கில் தங்கினால் துருவை மேலும் வளர்க்கும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாள் தேய்ப்பும் கூடாது. நீர் விட்டு, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள்.

ஓடாதவை வீட்டுக்குள்

இப்போது சுவருக்கு வருவோம். இன்ஜின் உடைந்தது, தாள் இல்லாதது, சட்டகம் மக்கியது: இவற்றின் பாகங்களே வீட்டுக்கு.

எளிதானது முகப்பு விளக்கு. கண்ணாடியும் வளையமும் அப்படியே இருக்கட்டும். உள்ளே 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு பொருத்தி, கடையில் விற்கும் 12 வோல்ட் அடாப்டரோடு இணையுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை நேரடியாக உலோக ஓட்டுக்குள் கொண்டுபோவது உரிமம் பெற்ற மின் பணியாளர் செய்ய வேண்டிய வேலை. கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிடும்.

பால்மரம் வெட்டுபவர்கள் நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கு கிடைத்தால் விடாதீர்கள். கார்பைட் கல்லில் நீர் சொட்டும்போது எழும் அசிட்டிலின் வாயு எரிந்துதான் அது வெளிச்சம் தந்தது. வீட்டுக்குள் ஏற்றிப் பார்க்க வேண்டாம். பித்தளையைப் புளியால் துலக்குங்கள், குத்துவிளக்குக்குச் செய்வது போலவே. ஆனால் பளபளவென்று ஆகும்வரை போகாமல் பாதியில் நிறுத்தினால் பழமை நிற்கும்.

சைக்கிள் சக்கரத்தைக் கடிகாரமாக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கம்பி பிரேக் உள்ள பழைய கைப்பிடியைக் கதவருகே சாவி மாட்ட வைப்பது பிடிக்கும். கை தினமும் அதைத் தொடும்.

வாங்கும் அலங்காரப் பொருள்களில் ஏமாற்று அதிகம். ஈப்போ ஞாயிறு சந்தைக்குப் போனால் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். பழைய எனாமல் பலகை என்று காட்டுவதை அதில் பாருங்கள். படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆகியிருந்தால் அது அச்சிட்ட புதுத் தகடு. உண்மையான எனாமல் கண்ணாடி போல் தடித்திருக்கும், உடைந்த இடத்தில் கருத்த இரும்பு தெரியும். 1930-க்கு முந்தைய ரயில் விளக்கு என்று சொல்லும் பொருளில் கூட்டல் வாய்த் திருகு இருந்தால், ஒன்று திருகு மாற்றியது, அல்லது பொருளே புதியது. அந்தத் திருகு 1930-களில்தான் பரவத் தொடங்கியது. தகரத்தில் செய்த பீட்டில் கார், பஸ் பொம்மைகள் புதியவை என்று தெரிந்தே வாங்கினால் தவறில்லை, அழகாகவே இருக்கும். விளிம்பு கூர்மையானது. குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

எதை மாட்டினாலும் வெறும் சுவரில் ஆணியடித்துவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு இரும்பு சுவரில் ஒட்டினால் ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்புக் கறை இறங்கும். பின்னால் சிறு மரக்கட்டை வைத்துக் காற்று போக இடம் விடுங்கள். மாதம் ஒரு முறை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருடைய வண்டி, எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எந்த ஆண்டு வரை ஓடியது. கொடுத்தவரிடமே கேட்டு எழுதுவது நல்லது, அவர் இருக்கும்போதே. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பொருளின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவும். பென்சிலால் எழுதுங்கள்.